பெஞ்சுக் கதவு

மெழுகட்டும். நன்றாக மெழுகட்டும். இரண்டு பகுதி முழுக்க என் பெடியன்கள் ஹொக்கி விளையாடிக் கீறிக் கிழித்து வைத்த ஐஸை இரத்தினம் அண்ணை வண்டியில் ஏறி உட்கார்ந்து சுற்றிச் சுற்றி மெழுகுகிறார், பின்னால் ஈரத்துணி இழுபடுகிறது, சுடுதண்ணீர் விழுந்து ஆவி எழும்புகிறது, கீறல்கள் ஒவ்வொன்றாக அழிந்து தளம் முகம் கழுவிக்கொண்டு வருகிறது. மேலே தொங்குகிற பலகையில் இருக்கிற நாலுக்கு ஒன்றை மட்டும் எந்த மெசினாலும் மெழுக முடியாது. நாலு அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. அந்த ஒன்றும் அவர்களுடைய ஆளின் காலில் பட்டுத் திரும்பிப் போனது. இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, பிறகு இந்த வருடம் முடிந்தது, சனியன் தொலைந்தது. நான் இப்போது உள்ளே உடைமாற்றும் அறையில் நின்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். கோச் என்றால் இந்த இடைவேளையில் கத்த வேண்டும், குப்பைவாளியைக் காலால் உதைக்க வேண்டும், கல்லூரி அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறது. நான் போகவில்லை. போனால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதிக்குக் கோலில் யார்? இவ்வளவு நேரமும் நின்ற லூக் என்கிறவனா, அல்லது இவ்வளவு நேரமும் பெஞ்சில் நின்ற நோலனா? அந்தப் பெயரைச் சொல்ல மனமில்லாமல் வெறும் பெஞ்சுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிரே, கண்ணாடிக்கு அப்பால், நாலாவது வரிசையில் கிரெய்க் இருந்து சோளப்பொரி தின்கிறான். நோலனின் தகப்பன். கல்லூரியில் நாலு வருடம் என்னோடு ஒரே அணியில் இருந்தவன். அவன் கோல் காத்தான், நான் கதவு திறந்தேன். தின்னடா, தின்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர் பிடித்து இருத்திக் கேட்பார்கள், தம்பி தயாபரன் யூனிவர்சிற்றியிலே ஐஸ் ஹொக்கி விளையாடினவராம் என்று. ஓம். என்ன இடம்? கோலி. அப்ப எத்தினை பந்து மறிச்சீர்? வடையை வாயில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு என்ன சொல்ல? இந்த விளையாட்டில் ஒரு ஆள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஐஸில் நிற்க மாட்டான், மூச்சு வாங்கும், பெஞ்சுக்குப் பறந்து வருவான், அடுத்தவன் பாய்ந்து போவான், விளையாட்டு நிற்காது, ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். வேலிப் பலகையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதை யாராவது திறந்து மூட வேண்டும். கோலி மட்டும் மாறுவதில்லை, அவன் முழு நேரமும் நிற்பான், ஆகவே இரண்டாவது கோலி என்று ஒருத்தன் இருந்தால் அவனுக்கு உலகத்தில் ஒரு வேலையும் இல்லை, ஆகவே கதவை அவனிடம் கொடுத்துவிடுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான். நாலு வருடம் திறந்தேன் மாமா என்று கல்யாண வீட்டில் சொல்ல முடியுமா? ஒரு கோல்கூடப் போகவிடவில்லை என்று சொல்வேன். அது பொய்யும் இல்லை. இடது கை மோதிர விரலைப் பார்க்கிறேன், கொளுக்கியில் அகப்பட்டு முறிந்து கோணலாகப் பொருந்தின விரல். கல்லூரி விளையாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே காயம் கதவு தந்த காயம். தாலி கட்டின அன்று மோதிரம் அதில் ஏறவில்லை, வத்சலா சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் எப்போதும் சேர்ந்து சிரித்துவிடுகிறவன். அதுதான் எனக்குப் பிடித்த வியாதி.

இரத்தினம் அண்ணை அந்த மூலையில் திரும்புகிறார், மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டுத் திரும்புகிறார், கவனமில்லை, யாருக்கும் எதிலும் கவனமில்லை. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் பெடியன்கள் ரெனிஸ் பந்தால் ஹொக்கி அடிப்பார்கள். கரவெட்டியிலிருந்து வந்து இறங்கின ஒன்பது வயதுக்காரனுக்கு ஸ்கேற்றும் தெரியாது, மட்டையும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. போய்க் கோலில் நில் என்று கையைக் காட்டினார்கள். நின்றேன். பந்து நெஞ்சில் பட்டால் நல்லவன் என்றார்கள், படாவிட்டால் வேறு ஏதோ சொன்னார்கள், விளங்காதது நல்லதாய்ப் போயிற்று. ஐயா யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் கோலியின் கால் பட்டைகளை வாங்கி வந்தார், அதற்குள் வேறு யாரோ வெள்ளைக்காரனின் வியர்வை பத்து வருடமாகக் குடியிருந்தது. உந்த நாத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டராதை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன் என்று அம்மா கத்துவா, பட்டை எல்லாம் பல்கனியில் பனியில் தொங்கும், விடிய எடுத்தால் கட்டையாக விறைத்திருக்கும். விடிவதற்கு முன் ஐஸ் மலிவு, ஆகவே விடிவதற்கு முன்தான் எனக்குப் பயிற்சி. இரவு வேலை முடிந்து பிளாஸ்ரிக் தூளோடு வந்து ஐயா அப்படியே என்னை ஏற்றிக்கொண்டு போவார், எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள் படுப்பார். உள்ளே வந்து பார்த்ததில்லை. ஒரு முறை கண்ணாடியில் மூக்கை வைத்துக் கொஞ்சம் பார்த்துவிட்டு, பந்தும் உருளேல்லை, ஒருத்தரும் ஓடவும் இல்லை, இது என்ன கண்டறியாத விளையாட்டு என்றார். அவ்வளவுதான். பிறகும் ஏற்றிக்கொண்டுதான் போனார்.

கிரெய்க் யாருக்கோ கை காட்டுகிறான். எனக்கா? எனக்கில்லை. முன்னுக்கு இருக்கிற யாருக்கோ. அவனுக்கு இந்த மண்டபம் முழுக்கச் சிநேகிதம். மாட்ச் தொடங்க முதல் ஒரு கூத்து நடந்ததே, இறுதி வருடப் பெடியன்களின் கடைசி உள்ளூர் ஆட்டம் என்றால் பெற்றோரை ஐஸில் கம்பளம் விரித்துக் கூப்பிடுவார்கள், தாய்க்குப் பூ, தகப்பனுக்குத் தொப்பி, ஒலிபெருக்கியில் பெயர், படம். நோலனின் இரண்டு பக்கமும் கிரெய்க்கும் பெண்சாதியும். நான் கோச், ஆகவே கை கொடுக்க வேண்டும். கையைத்தான் நீட்டினேன். அவன் கையை விட்டுவிட்டு அப்படியே கட்டிப்பிடித்தான். டோர்மேன், என்றான். காதுக்குள் இல்லை, மண்டபத்துக்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவன் வாயில் சூடு ஆறாமல் இருந்திருக்கிறது. பெண்சாதியிடம் திரும்பி, நான் சொன்னேனே, இவன்தான், இந்த நாட்டிலேயே இவனைப் போல கதவு திறக்க ஆள் கிடையாது என்றான். அவள் சிரித்தாள். நோலன் சிரித்தான். கம்பளத்தில் வரிசையாக நின்ற என் பெடியன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாம் பகுதியில் மூன்றாவது கோல் வாங்கின பிறகு பெஞ்சில் யாரோ மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னது எனக்குக் கேட்டது. டோர்மேன். திரும்பிப் பார்த்தேன், எல்லா ஹெல்மெற்றும் நேரே பார்த்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு வருடம் இந்தக் கல்லூரியில் நாயாய்ப் பாடுபட்டு கோச் என்று ஒரு பெயர் எடுத்தேன், அவன் ஒரு கட்டிப்பிடியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்ச் சோளப்பொரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது அன்பு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஆனால் கதவில் இப்போது யார் நிற்கிறான்? அவன் மகன். அணித் தேர்வுக்கு வந்த பெடியன்களில் ஒருத்தனின் முதுகில் அந்தக் குடும்பப் பெயரைக் கண்ட அன்றே யாருடைய மகன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனை விட நல்ல கோலி இருந்தான், லூக், அவனை எடுத்தேன். அவனை விட மோசமானவர்களும் இருந்தார்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். இவனை எடுத்தேன். இரண்டாவதாக. ஒருத்தரும் குறை சொல்ல முடியாது, அவன் தரத்துக்கு அதுதான் இடம், நீதி. நீதியாகவே நாலு வருடம் அவனைக் கதவில் நிறுத்தினேன். பெடியன் நோக வேண்டும் என்று காத்திருந்தேன். அவனுக்கு நோகவே இல்லை. அந்த விசரன் சிரித்துக்கொண்டு திறக்கிறான், உள்ளே வருகிறவன் ஒவ்வொருத்தனின் காலிலும் மட்டையால் தட்டுகிறான், தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். என்னைப் பார்த்து ஒரு நாள், எப்போது கோச் என்னை விடுவீர்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். கேட்கவில்லை. போன கிழமைதான் அவனை மறித்து, கடைசி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி உனக்கு என்று நானாகச் சொன்னேன். ஏன் சொன்னேன்? என் காலத்துக் கோச் மக்ரே எனக்குச் சொன்னது போலச் சொல்ல வேண்டும், மக்ரே எனக்குச் செய்தது போலச் செய்ய வேண்டும், அதுதான் ஏன். இதை யாருக்கும் சொல்ல மாட்டேன், வத்சலாவுக்கும் சொல்ல மாட்டேன். அவன் உடனே போனை எடுத்து வீட்டுக்கு அறிவித்தான். நானும் அப்படித்தான் அறிவித்தேன்.

வண்டி வந்து பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறது. ஏன் நிற்கிறது, அரைவாசி ஐஸ் இன்னும் காய்ந்து கிடக்கிறது. முந்தின மெசின் பெற்றோலில் ஓடினது, போட்ட இரைச்சலில் இந்த மனுசனின் குரல் எடுபடாது, இப்போது பற்றரியில் ஓடுகிறது, வாய்க்குத் தடையில்லை. "தம்பி தயா, என்ன இண்டைக்கும் பிழைச்சுப் போச்சோ?" கண் இருக்குத்தானே, பலகையைப் பாருங்கோ என்று சொல்ல வாய் வந்தது. "ஓம் அண்ணை." "உந்தக் கோலிப் பெடியனை மாத்திப் பாக்கலாமெல்லோ. மற்றவன் பாவம், கதவடியிலையே நிண்டு விறைக்கிறான்." "பாப்பம் அண்ணை. நீங்கள் ஐஸைப் பாருங்கோ." போகவில்லை. கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெடியனைப் பாக்கேக்கை எனக்குக் கொப்பற்ரை ஞாபகம்தான் வரும்" என்றார். ஐயாவும் இவரும் பிளாஸ்ரிக் பக்ரறியில் ஒரே மெசினில் நின்றவர்கள். "கொப்பர் இரவு வேலையிலை உன்ரை கதைதானே. என்ரை மோன்ரை கையிலைதான் கதவு எண்டுவார். அவன் திறந்தாத்தான் ஒருத்தன் உள்ளுக்குப் போகலாமாம், அவன் விடாட்டி அவ்வளவு வெள்ளைக்காரப் பெடியளும் வெளியிலைதானாம். நாங்களும் சரி, பெரிய உத்தியோகம் போல எண்டு நினைச்சம். அவருக்கு அதிலை ஒரு பெருமை, சொல்லி வேலையில்லை." நான் அவரைப் பார்த்தேன். பகிடி விடுகிறாரா? அந்த முகத்தில் பகிடி இல்லை, மூக்குத்தான் ஒழுகியது. "அண்ணை, ஐஸ் காயுது" என்றேன். "ஓமோம்" என்று வண்டியை எடுத்தார்.

விசர்க் கதை. ஐயா என்ன, அவ்வளவுக்குத் தெரியாதவரா? ஊரில் கந்தோர் வாசலில் பியோனைக் கண்டவர்தானே. கதவில் நிற்கிறவன் யார் என்று தெரியாதா? ஆனால் ஊரில் கந்தோர் வாசல் பியோன் விடாவிட்டால் ஒருத்தரும் உள்ளே போக முடியாதுதான், அவனைத்தான் முதலில் கும்பிட வேண்டும். இல்லை, அவர் வெட்கத்தை மறைக்கச் சொல்லியிருப்பார். மகன் நாலு வருடம் விளையாடாமல் இருந்து எழும்பினான் என்று எப்படிச் சொல்வது, அதற்காகப் பக்ரறிக்காரருக்கு ஒரு கதை. அப்படித்தான் இருக்கும். அவர் வந்து பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். என் கடைசி ஆட்டம். கலியாணத்துக்குத் தைத்த சூட் போட்டு வந்தார், அம்மா கூறைச் சேலைக்கு மேல் பனி ஜக்கெற், காலில் சப்பாத்து, கையில் அவர்கள் கொடுத்த பூ, அதைக் கடைசி வரைக்கும் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தா. மூன்றாம் பகுதி உனக்கு என்று மக்ரே காலையில் சொல்லியிருந்தார். சொல்லியிருந்தார். ஐந்து கோல் பின்னால் நின்றோம், எப்படியும் தோற்ற ஆட்டம், யாரை விட்டால் என்ன? இடைவேளையில் நான் ஹெல்மெற் எல்லாம் போட்டு, கையுறைக்குள் கையை விட்டு, வாங்கு நுனியில் இருக்கிறேன். மக்ரே முன்னால் வந்து நின்றார். இமை மயிர் இல்லாத வெளிறின கண். என்னை நீண்ட நேரம் பார்த்தார். இன்றைக்கு வேண்டாம், என்றார். திரும்பிப் போய்க் கிரெய்க்கின் தோளில் தட்டினார், கிரெய்க் எழும்பினான், என் பக்கம் பார்க்காமல் போனான். இன்றைக்கு வேண்டாம் என்றால் வேறு எந்த நாள்? அதுதானே கடைசி. அந்த ஒரு வசனத்தை இருபத்துநாலு வருடமாகச் சப்பிக்கொண்டிருக்கிறேன், அது கரையவில்லை. மூன்றாம் பகுதி முழுக்கக் கதவு திறந்தேன். அந்தப் பக்கம் சூட்டும் பூவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்து வீட்டு லிப்ற்றுக்குள் வைத்து ஐயா, "வடிவாத் திறந்தாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நன்றாகத் திறந்தேனாம். அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான், கடைசியில் அவரும் குத்திவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடேயே அவரைக் கொண்டுபோய் எரித்தேன்.

எரித்தது கிடக்கட்டும். பெயர், பெயர் சொல்ல வேண்டும். வண்டி கடைசிச் சுற்றில் நிற்கிறது. நோலனின் முன்னால் போய் நிற்க வேண்டும், அவன் ஹெல்மெற்றோடு வாங்கு நுனியில் இருப்பான், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாலு வருடமாக வாயில் வைத்திருக்கிற வசனம். சொல்லிவிட்டால் கிரெய்க் கண்ணாடிக்கு அப்பால் இருந்து, மகன் என் கதவைத் திறக்கிறதைக் கடைசி மட்டும் பார்ப்பான். ஆனால் அது போதாது. இப்போதுதான் விளங்குகிறது, போதாது. அந்தப் பெடியன் அதற்கும் சிரிப்பான். தகப்பனும் சிரிப்பான், பரவாயில்லை டோர்மேன், ஆட்டம் அப்படி என்று வந்து இன்னொரு முறை கட்டிப்பிடிப்பான். மண்டபத்துக்கு முன்னால் நான் சொல்லைக் காப்பாற்றாதவன் ஆவேன், அவர்கள் பெருந்தன்மைக்காரர் ஆவார்கள். இல்லை. விட வேண்டும். அவனை விட வேண்டும். இரண்டு மணித்தியாலம் கதவடியில் நின்று விறைத்த கால், நடுவில் மாறுகிற கோலிக்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நேரம் கொடுக்கக் கூடாது என்று சட்டம், எதிர் அணிக்காரன்கள் இன்று இரத்தம் கண்ட மாதிரி விளையாடுகிறான்கள். முன்னால் நிற்கிற என் பெடியன்கள் ஒருத்தரையும் மறிக்கப் போவதில்லை, அவர்கள் மனதில் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றாக அவன் முதுகுக்குப் பின்னால் போய் விழும், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு லைற் எரியும், தாய் முகத்தை மூடுவாள், கிரெய்க் பார்க்க வேண்டும், எழும்பிப் போகவும் முடியாமல் இருந்து பார்க்க வேண்டும். அப்போதும் எல்லாரும் கோச் எவ்வளவு நல்லவன் என்பார்கள். எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. டெரெக், என் உதவிக் கோச், தலையை நீட்டினான். "லூக்தானே?" என்றான். "நோலன்" என்றேன். டெரெக்கின் முகம் இளகியது. "நல்ல காரியம் செய்கிறாய் தயா" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினான். பேயன்.

உள்ளே மட்டை சுவரில் மோதி முறிகிற சத்தம் கேட்டது. லூக். நாலு கோலுக்கும் அவன் பிழையில்லை, எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மற்றவர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை, உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டான், இருக்கட்டும். நோலன் என்னைக் கடந்து போகும்போது நின்றான், நன்றி கோச் என்றான், முகமூடிக்குள் பல் தெரிந்தது. போய்க் கோலுக்கு முன்னால் புது ஐஸைக் கால்களால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுரண்டினான், இரண்டு கம்பத்தையும் மட்டையால் தட்டினான். ஒலிபெருக்கி பெயரைச் சொன்னது. சோளப்பொரி பறந்தது, கிரெய்க் எழும்பி நின்றான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தூரத்திலிருந்து ஒருத்தன் சும்மா தட்டிவிட்டான், பக் என்கிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டு அவசரமில்லாமல் வந்து நோலனின் இரண்டு காலுக்கும் நடுவால் உள்ளே போனது. சின்னப் பிள்ளை மறித்திருக்கும். சிவப்பு லைற். நான் கோலைப் பார்க்கவில்லை, நாலாவது வரிசையைப் பார்த்தேன். கிரெய்க் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். நோலன், நோலன், அடுத்தது, அடுத்தது. தாய் போனில் படம் எடுத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வெட்கம் எங்கே? தேடினேன், ஒருத்தர் முகத்திலும் இல்லை. நோலன் தண்ணீர் குடித்து, பட்டையில் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து நின்றான். ஆறாவது போனது. கிரெய்க் இன்னும் பலமாகத் தட்டினான். பிறகு ஒருத்தன் கிட்ட வந்து ஓங்கி அடித்ததை நோலன் கையை எறிந்து பிடித்தான், அதை உயர்த்திக் காட்டினான், மண்டபம் கோப்பை வென்ற மாதிரி இரைந்தது. கிரெய்க் என் பக்கம் திரும்பினான். சிரிக்கவில்லை. கையை நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்தான்.

அந்தக் குனிவு என்னைக் கொன்றது. நான் எறிந்த கல்லை அவன் பூ என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு மகனைக் கோலில் கண்டால் போதும், எத்தனை போனால் என்ன என்று இருக்கிறான் அவன். ஐயாவும் அப்படித்தானே இருந்திருப்பார். பந்து உருளுகிறதா என்றே தெரியாத மனுசன் எத்தனை கோல் போனது என்று எண்ணவா வந்தார்? மக்ரேவுக்கு அது தெரியவில்லை. சூட்டையும் கூறைச் சேலையையும் பார்த்து, இந்தப் பாவங்களுக்கு முன்னால் இவனை அடிவாங்க விடக் கூடாது என்று நினைத்திருப்பார், இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு, இவர்கள் வந்திருக்கிற இன்றைக்கு வேண்டாம். அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம், கேட்க அந்த ஆளும் உயிரோடு இல்லை. இரக்கப்பட்டு அவர் எனக்குத் தராததை வன்மத்தில் நான் அவன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வயதில், இத்தனை பேருக்கு முன்னால், கண் கலங்குகிறது, ஐஸ் குளிரில் எல்லாருக்கும் கலங்கும், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அப்போதுதான் பலகையில் இடி விழுந்தது. இவ்வளவு நேரமும் வேலிக்கு மேலால் பாய்ந்து சமாளித்த என் பெடியன்களில் ஒருத்தன் இனி ஏலாமல் மூச்சிரைத்துப் பறந்து வந்து மூடின கதவில் மோதி நிற்கிறான், பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். "கதவு," என்று கத்துகிறான், "யார் கதவில்?" ஒருத்தரும் இல்லை. நோலன் கோலில், லூக் உள்ளே. டெரெக் என்னைப் பார்த்தான், பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. கால் தானாக இறங்கிப் போனது. கோணல் விரல் கொளுக்கியின் கீழே சரியாகப் போய் நின்றது, பக் எங்கே என்று கண் தானாகப் பார்த்தது, தூரத்தில், சரி. நான் வடிவாகத்தான் திறந்தேன்.